பன்னிரு சுர முறை இசையின் ஒலிப்பதிவுகளைக் கேட்கப் பழகுதல்

சென்னையில் சபாக் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு ஐரோப்பிய இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க்கின் இசையில் முதலில் தட்டுப்படுவது, மற்றச் சுரங்கள் சார்ந்து நிற்கும் ஆதார சட்ஜம் இல்லாமைதான். வித்வான் வாய் திறப்பதற்கு முன்பே தம்புரா காதுக்கு ஓர் இருப்பிடத்தை அமைத்துக் கொடுத்துவிடுகிறது. 1920களின் தொடக்கத்தில் ஷோன்பெர்க் வகுத்த முறையிலோ பன்னிரண்டு சுரத்தானங்களும் ஒவ்வொரு படைப்புக்கும் தனியாக ஒரு வரிசையில் அடுக்கப்படுகின்றன. அந்த வரிசை, அதன் பின்னோக்கிய வடிவம், ஏற்றத்தை இறக்கமாக மாற்றிய தலைகீழ் வடிவம், அந்தத் தலைகீழின் பின்னோக்கிய வடிவம் ஆகிய நான்கையும் பன்னிரண்டு சுருதிகளிலும் நிறுத்தினால் கிடைக்கும் 48 வடிவங்களிலிருந்தே முழு இசையும் பிறக்கிறது. எந்தச் சுரமும் மற்றொன்றுக்கு ஆதாரமாக நிற்பதில்லை.

இதைப் படித்தவுடன் பலரும் செய்யும் பிழை, வரிசையைக் காதால் எண்ணத் தொடங்குவது. அதைச் செய்ய வேண்டாம். பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பதால், பழகிய இசைவாணர்களுக்கே அது கைகூடுவது அரிது. வரிசை இசையமைப்பாளரின் பட்டறைக் கருவி. கேட்பவர் பற்றிக்கொள்ள வேண்டியவை வேறு: ஒரு சொற்றொடர் எங்கே மூச்சு வாங்குகிறது, எந்த வாத்தியத்திலிருந்து எந்த வாத்தியத்துக்குக் கைமாறுகிறது, எங்கே நெருங்கி எங்கே தளர்கிறது என்பவை.

தொடங்குவதற்கு ஷோன்பெர்க்கின் மாணவர் ஆல்பன் பெர்க் 1935இல் எழுதிய வயலின் கான்செர்ட்டோவை, அதாவது தனி வயலினும் வாத்தியக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பைப் பரிந்துரைக்கிறேன். பதினெட்டு வயதில் இறந்த மானோன் குரோப்பியஸ் என்ற பெண்ணின் நினைவாக எழுதப்பட்டது. ஏறக்குறைய 25 நிமிடம். தனி வயலின் முதலில் தன் நான்கு திறந்த தந்திகளை மீட்டுகிறது. நம் வயலினில் அவை ச-ப-ச-ப என்று சேர்க்கப்பட்டிருக்கும். அங்கே ஐந்தாம் சுர இடைவெளிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சற்றுப் பின்னர் அதே வயலின் மந்திரத்திலிருந்து (கீழ்த்தாயி) தாரம் (மேல்தாயி) வரை படிப்படியாக ஏறிச் செல்லும்போது, வரிசை முழுவதையும் நேராகக் கேட்டுவிடுகிறோம். அதன் கடைசி நான்கு சுரங்களில் முதலாவதைச் சட்ஜமாகக் கொண்டால், அவை ச, சதுசுருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்தியமம், அதாவது கல்யாணி ராகத்தின் பூர்வாங்கம் (முற்பாதி). இங்கே கல்யாணி ராகம் இல்லை. ராகத்துக்கே உரிய பிடியோ, சுரத்தை அசைக்கும் கமகமோ இல்லை. ஆனாலும் அந்த நான்கையும் வாய்விட்டுப் பாடிப் பழகியிருந்தால், இறுதிப் பகுதியில் பழைய ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் ‘போதும்’ என்ற பொருள்படும் கிறித்தவப் பாடல் அதே நான்கு சுரங்களில் தொடங்குவதைக் காது தானாகவே கண்டுகொள்ளும். அந்தப் பாடலைக் கிளாரினெட்டுகள் பாக் அமைத்த இசைவுடனேயே (ஹார்மனி) ஏந்தி வரும் இடத்தை நான் எத்தனை முறை கேட்டாலும் நெகிழாமல் இருந்ததில்லை.

முதலில் தெளிவான புதிய ஒலிப்பதிவு ஒன்றில் இதை ஒரு வாரம் கேளுங்கள். அதன் பிறகு, 1936 மே 1 அன்று லண்டனில் லூயிஸ் கிராஸ்னர் வாசிக்க, பெர்க்கின் நண்பர் ஆன்டன் வெபர்ன் பிபிசி சிம்பொனி வாத்தியக்குழுவை நடத்திய பதிவைத் தேடிக் கேளுங்கள். பழைய இசைத்தட்டின் இரைச்சல் மிகுதி என்றாலும், நண்பர் இறந்து சில மாதங்களே ஆன நிலையில் வெபர்ன் எவ்வளவு நிதானமாக நடத்துகிறார் என்பது அதில் தெரியும்.

குரலிசைக்கு, ஷோன்பெர்க் 1947இல் எழுதிய ‘வார்சாவிலிருந்து தப்பியவர்’ ஏற்ற வாயில். ஏழு நிமிட அளவிலான அந்தப் படைப்பில் உரைப்பவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில், குறிக்கப்பட்ட தாளக் கணக்கோடு, பாட்டும் அல்லாத, பேச்சும் அல்லாத இடைநிலையில் பேசுகிறார். முடிவில் ஆண்களின் சேர்ந்திசை எபிரேயப் பிரார்த்தனையாக எழுகிறது. ஜெர்மன் பாடல்வரிகள் கொண்ட படைப்புகளுக்கு முன்பு மொழிபெயர்ப்பை ஒருமுறை வாசித்துவிடுவது அவசியம். பொருள் தெரியாத சாகித்தியத்தில் பாதி இசை தவறிப்போகும். சென்னை ரட்லண்ட் கேட்டில் உள்ள கோதே நிறுவனத்தில் ஜெர்மன் பயின்றவர்களுக்கு இது இன்னும் எளிது.

ஒரே கருப்பொருளைப் பலவிதமாக மாற்றி அமைக்கும் ஷோன்பெர்க்கின் ‘வாத்தியக்குழுவுக்கான மாறுபாடுகள்’ 1928 டிசம்பரில் பெர்லினில் ஃபுர்ட்வாங்லர் நடத்த முதன்முதலாக ஒலித்தது. செயலிகளில் அதன் முன்னுரை, கருப்பொருள், ஒன்பது மாறுபாடுகள், இறுதிப்பகுதி ஆகியவை தனித்தனித் தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆகவே தடங்களை வரிசை மாற்றி ஒலிக்கும் ‘ஷஃபிள்’ அமைப்பையும், ஒரு தடத்தை அடுத்ததில் கரைக்கும் அமைப்பையும் நிறுத்திவிட வேண்டும். செல்லோக்கள் பாடும் கருப்பொருளை மட்டும் மூன்று நான்கு முறை தனியே கேட்டு மனத்தில் வைத்துக்கொண்ட பின்னர் முழுவதையும் கேட்டால், மாறுபாடுகள் தொடர்பற்ற துண்டுகளாகத் தோன்றாது.

வெபர்னின் 1928ஆம் ஆண்டுச் சிம்பொனியை இவற்றுக்குப் பின்னரே எடுங்கள். பத்து நிமிட அளவுதான். கிளாரினெட், பாஸ் கிளாரினெட், இரண்டு ஹார்ன், ஹார்ப், தந்தி வாத்தியங்கள். ஒரு மெட்டு ஒவ்வொரு சுரமாக வாத்தியம் மாறிச் செல்வதால், ஒலியைவிட மௌனமே கூடுதலாகக் கேட்பது போலிருக்கும். மின்விசிறி சுழலும் அறையில் அதன் மெல்லொலிகள் காணாமல்போகும். எனவே மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்கு, விசிறியை நிறுத்தி, காதை மூடும் ஹெட்ஃபோன் அணிந்து கேட்பதே எனக்குக் கைகொடுத்தது. உரத்த இடத்தில் காது நோகாத அளவில் ஒலியை ஒருமுறை அமைத்துவிட்டு, பிறகு அதைத் தொடவே கூடாது. மெல்லிய இடங்களில் கூட்டினால் வெபர்ன் வைத்த ஏற்ற இறக்கம் கலைந்துவிடும்.

மாறுபாடுகளால் ஆன இந்தச் சிம்பொனியின் இரண்டாம் பகுதியின் அமைப்பு தமிழருக்கு அந்நியமானதன்று. திருஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தில் பாடல் கடைசி எழுத்திலிருந்து திரும்பி வாசித்தாலும் அதுவாகவே வருவது போல, இங்கே ஒவ்வொரு மாறுபாடும் தன் நடுவை அடைந்ததும் வந்த வழியே திரும்புகிறது. அந்தத் திரும்புமுனையை முதல் நாளே பிடிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு மாறுபாட்டை எடுத்துக்கொண்டு, அது எங்கே திரும்புகிறது என்று தெரியும்வரை மீண்டும் மீண்டும் கேளுங்கள். பிறகு அடுத்ததற்குச் செல்லுங்கள்.