நெடுந்தொலைவு இலக்குச் சுடுதலுக்குப் பெரிய காலிபர் ரைபிள்: தேர்வும் செலவும்

அமெரிக்காவில் வசிக்கும் நண்பர் யாருக்காவது நெடுந்தொலைவுச் சுடுதலில் ஆசை வந்துவிட்டால், என்னிடம் அவர் முதலில் கேட்பது ".338 வாங்கலாமா, .50 வாங்கலாமா?" என்பதுதான். இந்த எண்கள் காலிபர், அதாவது குழல் துளையின் அகலத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்பவை. வீட்டுக்கு அருகில் உள்ள சுடுதளம் எத்தனை கெஜம் நீளம் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் 100 கெஜம், மிஞ்சினால் 300 கெஜம் என்று பதில் வரும். அந்தத் தூரத்துக்கு .338 லாப்புவா மேக்னம் வாங்குவது, தெருமுனைக் கடைக்குப் போய்வர லாரி வாங்குவதைப் போன்றது. ஆகவே ரைபிள் கடைக்குள் நுழைவதற்கு முன்பாக, நீங்கள் உண்மையில் எங்கே சுடப்போகிறீர்கள், அந்த இடத்தின் விதிகள் எவற்றை அனுமதிக்கின்றன, ஆண்டுக்கு எத்தனை தோட்டாக்களுக்கு உங்களால் பணம் கொடுக்க முடியும் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். 1,000 கெஜம் சுடக்கூடிய தளங்கள் நாடெங்கும் இருந்தாலும் எண்ணிக்கையில் குறைவு. ஒகையோவின் கேம்ப் பெர்ரி, அரிசோனாவில் பீனிக்ஸ் அருகிலுள்ள பென் ஏவரி, பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் ஆகியவை பெயர்பெற்றவை. நியூ மெக்சிகோவின் ரட்டோன் ஊரை ஒட்டிய விட்டிங்டன் மையம் ஒரு மைலையும் தாண்டிய போட்டிகளுக்கு இடம் தருகிறது. விதிகளைப் படிக்காமல் பணத்தைக் கட்டியவர்கள் ஏராளம். படுத்தபடி, ரைபிளைத் தாங்கியில் வைத்து ஸ்கோப் வழியே சுடும் எஃப்-கிளாஸ் போட்டியில் இரு பிரிவுகள் உண்டு. எஃப்-டி.ஆர். பிரிவில் .308 வின்செஸ்டர் அல்லது .223 மட்டுமே அனுமதி. ஸ்கோப், பைபாட் என்ற இருகால் தாங்கி உட்பட மொத்த எடை 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது. எஃப்-ஓப்பன் பிரிவில் .35 காலிபர் வரை சுடலாம்; எடை வரம்பு 10 கிலோ. இரண்டிலும் குழல் முனையில் உதையைக் குறைக்கும் மசில் பிரேக் பொருத்தத் தடை உண்டு. .338 லாப்புவாவை மசில் பிரேக் இல்லாமல் ஒரே நாளில் அறுபது முறை சுடுவது எப்படியிருக்கும் என்பதை உங்கள் தோள்பட்டை மறுநாள் காலையில் விளக்கிச் சொல்லும். .50 பி.எம்.ஜி. ரைபிளையோ பல கிளப்புகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன.

அடுத்தது காலிபர் தேர்வு. பெரிய காலிபரின் பயன் அதன் வலிமையில் இல்லை. காற்று அதைக் குறைவாக ஒதுக்குகிறது என்பதில்தான் இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். (குண்டு என்பது தோட்டாவிலிருந்து பறந்து செல்லும் முனை; கிரெய்ன் அதை எடைபோடும் சிறு அலகு.) மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, .308 வின்செஸ்டரின் 175 கிரெய்ன் குண்டை 1,000 கெஜத்தில் ஏறத்தாழ 90 அங்குலத்துக்கு மேல் தள்ளிவிடும். .338 லாப்புவாவின் 300 கிரெய்ன் குண்டை அதே காற்று 55 அங்குலம் அளவுக்குத்தான் தள்ளும். எஃப்-கிளாஸ் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம். அதாவது நடுவிலிருந்து 5 அங்குலம். காற்றை நீங்கள் ஒரே ஒரு மைல் தவறாகக் கணித்தால் .308 குண்டு 9 அங்குலம் விலகி ஒன்பதாம் வளையத்தில் விழும்; .338 குண்டு பத்தின் கோட்டுக்குச் சற்றே வெளியே நிற்கும். அதிகப்படியாகச் செலவழிக்கும் பணம் வாங்கித் தருவது இந்தச் சில அங்குலங்களைத்தான்.

ஆனால் இதே கணக்குதான் .338-க்கு எதிராகவும் பேசுகிறது. .284 வின்செஸ்டர் என்ற, 1963-இல் வந்த பழைய தோட்டாவில் 180 கிரெய்ன் எடையுள்ள நீண்டு மெலிந்த 7 மில்லிமீட்டர் குண்டைப் பொருத்திச் சுட்டால், 1,000 கெஜத்தில் காற்று விலகல் ஏறத்தாழ .338-க்குச் சமமாகவே வரும். வெடிமருந்து குறைவு, உதை குறைவு, செலவும் குறைவு. எஃப்-ஓப்பன் வரிசையில் 7 மில்லிமீட்டர் ரைபிள்கள் அடுத்தடுத்துப் படுத்திருப்பதன் காரணம் இதுதான். .338 தன் விலைக்கு நியாயம் செய்யத் தொடங்குவது 1,000 கெஜத்துக்கு அப்பால், அதன் குண்டு 1,500 கெஜம் வரை ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்காமல் செல்லும் இடத்தில்தான். அதற்கும் அப்பால், ஒன்றரை மைல், இரண்டு மைல் என்று போகிறவர்களுக்கு .375 செய்டாக், .416 பாரெட், .50 பி.எம்.ஜி. போன்றவை இருக்கின்றன. உங்கள் ஊரில் 1,000 கெஜத்தோடு தளம் முடிந்துவிடுகிறது என்றால், .338 மீதான ஆசையைத் தள்ளிவைப்பதே அறிவு என்பது என் கருத்து.

ஒலி வேகத்தைப் பற்றிச் சொன்னது ஏட்டுச் செய்தி அன்று. 1,000 கெஜப் போட்டிகள் பலவற்றில் ஒவ்வொருவரும் முறைவைத்து இலக்குக் குழிக்குள் நின்று, அடுத்தவருக்காக இலக்கை இறக்கி ஏற்ற வேண்டும். தலைக்கு மேல் குண்டு கடக்கும்போது சாட்டையை வீசியதுபோல் சுளீர் என்று ஓசை கேட்கும். சிலருடைய .308 குண்டுகள் வரும்போது அந்தச் சுளீர் கேட்பதே இல்லை. காகிதத்தில் மட்டும் சட்டென ஓர் ஓட்டை விழும். இலக்கை இறக்கி விரலால் தடவிப் பார்த்தால் ஓட்டை வட்டமாக இராது, பூட்டின் சாவித்துளைபோல நீண்டிருக்கும். குண்டு நிலைகுலைந்து பக்கவாட்டில் புரண்டுகொண்டு வந்திருக்கிறது என்று பொருள். 168 கிரெய்ன் சியரா மேட்ச்கிங் குண்டு இந்தக் குறைக்குப் பெயர்போனது. 300 மீட்டர் போட்டிக்கென வடிவமைக்கப்பட்ட அருமையான குண்டை 1,000 கெஜத்துக்கு இழுத்தால் வரும் வினை அது. ரைபிளை மாற்ற வேண்டியதில்லை. 175 கிரெய்னோ அதற்கு மேலோ எடையுள்ள குண்டுக்கு மாறினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனிப் பணம். விலைகள் கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுகின்றன, கீழ்வருவன தோராயமானவை. .338 லாப்புவாவில் சாவேஜ் போன்ற நிறுவனத்தின் தொழிற்சாலை ரைபிள் ஆயிரம் டாலரைச் சற்றுத் தாண்டிக் கிடைக்கும். ரூகர் பிரிசிஷன் போன்றவை இரண்டாயிரத்தை ஒட்டியோ மேலோ போகும். .50-இல் ஒற்றைத் தோட்டா ரைபிள்கள் மூவாயிரம் முதல் ஐயாயிரம் வரை இருக்கும். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் பாரெட் ரைபிள் அதைப்போல் இரு மடங்கு. ஆனால் கையைக் கடிப்பது ரைபிளின் விலை அன்று. ஒரு நாள் போட்டியில் இருபது இருபதாக மூன்று சுற்றுகள், குறிபார்க்கும் முன்சூடுகளையும் சேர்த்தால் எழுபது தோட்டா. பயிற்சியோடு சேர்த்து ஆண்டுக்கு 600 என்று வைத்துக்கொள்வோம். .338-இன் போட்டித் தரத் தோட்டா கடையில் ஒன்று ஆறு டாலர் என்றால் ஆண்டுக்கு 3,600 டாலர். இரண்டே ஆண்டுகளில் ரைபிளின் விலையைப் பல மடங்கு விழுங்கிவிடும்.

எனவே பெரிய காலிபரைக் கட்டுப்படியாக்கும் ஒரே வழி, தோட்டாவை வீட்டில் நீங்களே நிரப்பிக்கொள்வது. ஒரு பவுண்டு வெடிமருந்தில் .308-க்கு 150-க்குச் சற்று மேல், .338-க்கு 75 அளவில், .50-க்கு முப்பது மட்டுமே நிரப்ப முடியும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கணக்குகள் தாமாகவே விளங்கும். குண்டு, மருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர் மூன்றையும் கூட்டி, ஏழெட்டு முறை பயன்படும் பித்தளைக் கூட்டின் விலையையும் பகிர்ந்தால், .338-க்கு ஒரு சூடு இரண்டேகால் டாலரை ஒட்டி வரும்; .308-க்கு ஒரு டாலர் போதும். நிரப்பும் கருவிகளுக்குத் தொடக்கத்தில் சில நூறு டாலர் ஆகும்; .50-க்கு மட்டும் சாதாரண நிரப்பும் அழுத்துப்பொறி போதாது, பெரிதாக வாங்க வேண்டும். மருந்தின் அளவை மருந்து நிறுவனம் வெளியிடும் கையேட்டிலிருந்து எடுங்கள், குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். யாரோ நிரப்பியதாகச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் .50 தோட்டாக்களை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பலர் மறந்துவிடும் இன்னொரு செலவு குழல். மருந்து அதிகமாக எரியும் காலிபரில் குழல் சீக்கிரம் தேயும். .308-இன் குழல் நான்காயிரம், ஐயாயிரம் சூடுகள் தாங்கும்; .300 வின்செஸ்டர் மேக்னமும் .338-உம் போட்டித் துல்லியத்தோடு இரண்டாயிரம் தாங்கினால் நிம்மதி. புதுக் குழல் வாங்கி, தோட்டா அறை வெட்டிப் பொருத்த ஏறத்தாழ ஆயிரம் டாலர். அதாவது .338-இல் ஒவ்வொரு சூட்டுக்கும் ஐம்பது சென்ட் குழலுக்கென்று தனியே எடுத்து வைக்க வேண்டும். நான் ஒரு டப்பாவில் அப்படியே போட்டுவைக்கிறேன். குழல் போன அன்று மனைவியிடம் பேச வேண்டிய பேச்சு சுலபமாகிறது.

ஸ்கோப்புக்கு ரைபிள் அளவுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. பார்க்க வேண்டியது உருப்பெருக்கத்தை அன்று, மேல்நோக்கித் திருப்பக் கிடைக்கும் இடத்தை. .308-இல் 100 கெஜத்திலிருந்து 1,000 கெஜத்துக்குப் போக 35 நிமிடக் கோணத்துக்கு (ஒரு நிமிடம் என்பது 100 கெஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம்) மேல் திருப்ப வேண்டும். மொத்தம் 60 நிமிடம் உள்ள ஸ்கோப்பில் நடுவிலிருந்து மேலே கிடைப்பது முப்பதுதான். இருபது நிமிடச் சரிவுள்ள தாங்கு பட்டையை அடியில் பொருத்தினால் அது ஐம்பதாகும். நூறு டாலருக்குள் முடியும் இந்தப் பட்டையை வாங்காமல், ஸ்கோப்பையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும். திருப்பிய எண்ணுக்கு ஸ்கோப் உண்மையாக நகர்கிறதா, மீண்டும் பழைய இடத்துக்கே வருகிறதா என்று 100 கெஜத்தில் சோதித்துவிடுங்கள்.

சட்டத்தை ஒரு வார்த்தையில் தாண்டிவிட முடியாது, குறிப்பாக நம்மவர்களுக்கு. உரிமம் பெற்ற வியாபாரியிடம் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. நண்பரின் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை, வாங்குபவரையும் நண்பரையும் சேர்த்தே குற்றவாளியாக்கும். கலிபோர்னியா 2005 முதல் .50 பி.எம்.ஜி. ரைபிளைத் தடைசெய்திருக்கிறது; .416 பாரெட் போன்றவற்றின் மீது அங்குள்ளவர்களுக்கு ஆர்வம் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். இல்லினாயும் 2023-இல் தடை கொண்டுவந்தது. மாநிலம் மாறிக் குடிபோகும் வேலையில் இருப்பவர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லும் வரிசை இது: முதல் ஆண்டு .308-இல் கனமான குழலுள்ள ரைபிள், நல்ல ஸ்கோப், தோட்டா நிரப்பும் கருவி. அந்த ஓராண்டில் காற்றைக் காட்டும் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது, கொடி எப்போது பொய் சொல்கிறது என்பதைக் கண்கள் பழகிக்கொள்ளும். இரண்டாம் ஆண்டில் 1,000 கெஜத்தோடு நிறைவு என்றால் 7 மில்லிமீட்டர். அதற்கு மேல் சுட இடமும் இருந்தால் .338. ஸ்கோப்பும் கருவியும் கூடவே வரும் என்பதால் இரண்டாவது ரைபிளுக்குப் புதிதாகச் செலவாவது ரைபிளும், தோட்டா நிரப்பும் அச்சான டையும், பித்தளைக் கூடுகளும் மட்டுமே.

அந்த இரண்டாவது ரைபிளைப் பழையதாக வாங்குவது மிச்சம்தான். ஆனால் குழலின் உட்புறத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பல துப்பாக்கிப் பட்டறைகளில் போர்ஸ்கோப் என்ற சிறு கேமராக் கருவி இருக்கும், இப்போது வீட்டுக்கே மலிவாகவும் கிடைக்கிறது. தோட்டா அறை முடிந்து, குண்டைச் சுழற்றும் வரிகள் தொடங்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். புதுக் குழலில் வரிகளின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். அதிகம் சுட்ட குழலில் கோடை வற்றிய ஏரிப்படுகைபோல் எஃகு பாளம்பாளமாக வெடித்திருக்கும். நானும் ஒருமுறை "இருநூறு சூடுகூட ஆகவில்லை" என்ற பேச்சை நம்பி .300 வின்செஸ்டர் மேக்னம் ஒன்றை வாங்கினேன். வீட்டில் வைத்துப் பார்த்தபோது முன்னால் ஓரங்குல நீளத்துக்கு ஏரிப்படுகைதான் தெரிந்தது. இப்போது யாராவது விற்கிறேன் என்றால், பணத்தோடு போர்ஸ்கோப்பையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். உள்ளே வெடிப்பு தெரிந்தால் புதுக் குழலுக்கான ஆயிரம் டாலரைச் சொன்ன விலையில் கழித்துப் பேசுகிறேன்.