தயிர் டம்ளருக்குள் பாக்டீரியா, வைரஸ், நோய் எதிர்ப்பு

மைக்ராஸ்கோப் எல்லாம் வேண்டாம். கால் லிட்டர் பால், கொஞ்சம் தயிர், மூன்று டம்ளர் போதும்.

படி 1: பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் அரை ஸ்பூன் உறை சேருங்கள். ஒன்று அடுப்படியில் இருக்கட்டும், மற்றது நேராக ஃப்ரிட்ஜுக்கு. மிச்சப் பாலிலும் உறை ஊற்றி, இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு மூன்றாவது டம்ளரில் வையுங்கள்.

படி 2: காலையில் பாருங்கள். அடுப்படி டம்ளர் தயிராகியிருக்கும். ஃப்ரிட்ஜில் இருப்பது இன்னும் பால்தான். கொதித்தது உறைந்திருக்காது, அதைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

உறையில் இருப்பவை பாக்டீரியாக்கள். ஒவ்வொன்றும் ஒற்றைச் செல் உயிர். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகின்றன. புளிப்பு ஏற ஏறப் பால் புரதம் திரள்கிறது. கொதியில் அவை செத்துவிட்டன. குளிரில் சாகவில்லை, முடங்கிக் கிடக்கின்றன. அந்த டம்ளரை வெதுவெதுப்பாக்கி வெளியே வையுங்கள், உறைய ஆரம்பிக்கும். ஃப்ரிட்ஜ் கிருமியைக் கொல்லும் என்று நம்புகிறவர்களுக்கு இதைக் காட்டலாம்!

படி 3: இது மனத்துக்குள் செய்ய வேண்டியது. உறைக்குப் பதில் சளிக்காய்ச்சல் வைரஸைப் பாலில் விட்டால்? ஒன்றுமே நடக்காது. வைரஸ் தின்னாது, தானாகப் பெருகாது. புரதக் கூட்டுக்குள் கொஞ்சம் மரபுச் செய்தி, அவ்வளவுதான். உயிருள்ள செல்லுக்குள் புகுந்து, அதையே தன் நகல் எடுக்கும் பட்டறையாக்கிக்கொள்ளும். பெனிசிலின் என்ற ஆன்டிபயாடிக் பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாமல் கெடுக்கிறது. வைரஸுக்குச் சுவரே இல்லை. சாதாரண ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவது அதனால்தான் வீண்.

ஆனால் தயிர் பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ்கள் உண்டு. பாக்டீரியோஃபேஜ் என்று பெயர், சுருக்கமாக ஃபேஜ். சீஸ் தொழிற்சாலைகளில் உறை கெடுவதற்கு இவை பெரிய காரணம். (நம் வீட்டில் உறையாததற்கு இவற்றின் மேல் பழி போடாதீர்கள், பால் ஆறிப்போயிருக்கும்.)

படி 4: இப்போது எதிர்ப்பு. தயிரில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், தாக்கிய ஃபேஜின் டி.என்.ஏ.வில் ஒரு துண்டை வெட்டித் தன் மரபணுத் தொகுதிக்குள் சொருகிக்கொள்கிறது. அதே ஃபேஜ் மறுபடி வந்தால் அடையாளம் கண்டு நறுக்கிவிடும். 2007-இல் சோதனையில் உறுதியான இந்த ஏற்பாட்டின் பெயர் கிரிஸ்பர்.

நம் உடம்பிலும் அடுக்கடுக்காகக் காவல் இருக்கிறது. தோல், இரைப்பை அமிலம், கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள். அதற்கப்புறம் எதிரணுக்கள் எனும் ஆன்டிபாடி புரதங்களும், பழைய எதிரியை மறக்காத நினைவு செல்களும். ஒரு வித்தியாசம் உண்டு. பாக்டீரியா அந்த நினைவை மரபணுவிலேயே எழுதிக்கொள்வதால் வாரிசுக்கும் போய்ச் சேருகிறது. நம் நினைவு செல்கள் பிள்ளைக்குப் போவதில்லை. தாயின் எதிரணுக்கள் நஞ்சுக்கொடி வழியாகச் சில மாதத்துக்கு மட்டும் இரவலாகக் கிடைக்கும். அவை பெருமளவு கரைந்துபோன பிறகு, ஒன்பது மாதம் முடிந்த குழந்தைக்குத் தட்டம்மை முதல் ஊசி போடுகிறார்கள்.