டெர்ரா பிரேட்டா வழியில் கரிமண் பாத்தி அமைத்தல்

பிரேசிலின் அமேசான் படுகையில், அமிலத்தன்மை மிக்க வெளிறிய மஞ்சள் நிலத்தின் நடுவே, ‘டெர்ரா பிரேட்டா’ எனப்படும் கருமண் திட்டுகள் சில இடங்களில் 2 மீட்டர் ஆழம்வரை காணப்படுகின்றன; ஐரோப்பியர் வருகைக்கு முன் அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள் கரி, மீன் எலும்பு, பானையோடு, அடுக்களைக் கழிவு ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததால் உருவான மண் அது.

அதே நெறியில் பாத்தி அமைக்க விரும்புவோர் முதலில் மண்ணின் கார அமில நிலையை (pH) சோதிக்க வேண்டும். கரி பெரும்பாலும் காரத்தன்மை உடையதாதலால், அந்த அளவு 7-க்கு மேல் உள்ள நிலத்தில் அதை இடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வண்ணம் பூசாத விறகைக் காற்றுக் குறைவான குழியில் எரித்து, அது சாம்பலாவதற்குள் நீரூற்றி முற்றிலும் அணைத்து, தூசி பறக்காதபடி ஈரத்துடனேயே கடலை அளவுக்கு நொறுக்குங்கள். பலரும் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். வெறும் கரியை நேரே இட்டால், பயிருக்குரிய தழைச்சத்தை (நைட்ரஜனை) அது சில காலம் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே ஒரு பங்கு கரியை இரண்டு பங்கு மட்கிய தொழுவுரத்துடனும் சிறிது எலும்புத்தூளுடனும் கலந்து, ஈரம் காயாமல் ஒரு மாதமாவது நிழலில் குவித்து வைக்க வேண்டும். பின்னர் மேல்மண்ணில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, எருவை மட்டும் ஆண்டுதோறும் இட்டுவாருங்கள்.