செஸ்னா 172-இல் முதல் பறப்பு: குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கைச் சிறிய விமானத்தைத் தன் கையால் ஓட்டிப் பார்க்க விரும்பும் பிள்ளை களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போக வேண்டும். ராஜீவ் காந்தி விமானப் பயிற்சி அகாடமி அங்கே இருக்கிறது. மாணவர் விமானி உரிமத்துக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர் தரும் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றும் வேண்டும். பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: சக்கரம் நகர்ந்ததிலிருந்து கட்டணமா, தரையை விட்டு எழும்பியதிலிருந்தா? பயணிகள் விமானங்கள் வந்துபோகும் தளத்தில் ஓடுதள முனையில் காத்து நிற்பதிலேயே நேரம் கரைந்துவிடும்.

நாள் குறிப்பதில் அவசரம் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்றுதான் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. பலமாக வீசும் அந்தப் பருவக்காற்று சிறிய விமானத்தைப் போட்டு உலுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் இடிமழை. டிசம்பர் பாதிக்கு மேல் பிப்ரவரி வரை, காலை ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் நேரம் கேளுங்கள். வெயில் ஏறித் தரை சூடாகிவிட்டால் விமானம் குலுங்கும், பிள்ளைக்குக் குமட்டும்.

வெறும் வயிற்றில் போகக் கூடாது. புட்டும் பயறும் பப்படமும் வயிறு நிறையச் சாப்பிட்டும் போகக் கூடாது. இரண்டு இட்லி போதும். சளி இருந்தால் அன்று பறக்கவே வேண்டாம்: இறங்கும்போது காதுக்குள் அழுத்தம் சமமாகாமல் தாங்க முடியாத வலி வரும். பெடலைப் பாதம் உணர வேண்டும் என்பதால் மெல்லிய அடியுள்ள ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். எடை கேட்டால் பையையும் சேர்த்து உள்ளதைச் சொல்லுங்கள். அப்பாவோ அம்மாவோ பின் இருக்கையில் ஏறுவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

பயிற்றுநர் விமானத்தைச் சுற்றிவந்து சோதிக்கும்போது கூடவே நடங்கள். செஸ்னா 172எஸ் வகையில் எரிபொருள் மாதிரி எடுக்க 13 இடங்கள் உண்டு. விமானத்துக்கு ஊற்றும் 100எல்எல் என்ற பெட்ரோல் இளநீல நிறம். கடலோர ஈரக்காற்றில், பாதி காலியான டாங்குக்குள் இரவில் நீர் கோத்துக்கொள்ளும். அது பெட்ரோலைவிடக் கனம் என்பதால் குவளையின் அடியில் நிறமற்ற குமிழாகத் தெரியும். முழுக் குவளையும் நிறமில்லாமல் இருந்தால் இன்னும் கவனம் தேவை, எடுத்தது அத்தனையும் தண்ணீராக இருக்கலாம். எஞ்சின் ஆயில் 5 குவார்ட்டுக்கு, அதாவது சுமார் 4.7 லிட்டருக்குக் கீழே போயிருந்தால் விமானம் கிளம்பாது.

உட்கார்ந்ததும் இருக்கையை முன்னே இழுத்து, பூட்டு விழுந்ததா என்று உடம்பால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பூட்டாத இருக்கை, விமானம் வேகமெடுக்கும்போது தண்டவாளத்தில் பின்னால் வழுக்கும். விழாமலிருக்கக் கை தானாக யோக் எனும் ஓட்டும் கைப்பிடியைப் பிடித்து இழுக்கும், விமானத்தின் மூக்கு செங்குத்தாக ஏறும். செஸ்னாக்களில் உயிர் போன விபத்துகள் இப்படி நடந்திருக்கின்றன.

தரையில் ஓடும்போது பலரும் யோக்கை கார் ஸ்டீயரிங் போலத் திருப்புவார்கள். விமானம் திரும்பாது. திருப்புவது கால்: இடது பெடலை அழுத்தினால் இடப்பக்கம். பெடலின் மேல் விளிம்பில் பிரேக் இருப்பதால் குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஓடுதளத்துக்கு முன் எஞ்சினை நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு ஏற்றி, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களையும் ஒவ்வொன்றாக அணைத்துச் சோதிப்பார்கள். சுற்று 150-க்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. கொஞ்சமும் குறையாவிட்டாலும் தவறுதான். அணைத்த மேக்னெட்டோ உண்மையில் அணையவில்லை என்று பொருள். நிறுத்திய பிறகு யாராவது புரொப்பெல்லரைத் தொட்டால்கூட எஞ்சின் உயிர்பெறலாம்.

முழு விசை கொடுத்ததும் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது பெடலால் நேராக்குங்கள். வேகம் 55 நாட் (மணிக்குச் சுமார் 100 கி.மீ.) ஆனதும் மூக்கை மெல்லத் தூக்கினால் விமானம் தானாக எழும்பும்.

மேலே 2,000 அடியில் பயிற்றுநர் ‘யூ ஹேவ் கன்ட்ரோல்’ என்பார். ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’ என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பிடிக்க வேண்டும். அவர் திரும்பக் கேட்டால் அந்தக் கணமே விட வேண்டும். பெருவிரலும் இரண்டு விரலும் போதும். முஷ்டியால் இறுக்கிப் பிடித்தால் விமானம் சொல்வது கைக்குத் தெரியாது. மூக்கு கொஞ்சம் ஏறும், நீங்கள் தள்ளுவீர்கள், அதிகமாக இறங்கும், இழுப்பீர்கள். ஒவ்வொரு முறையும் ஆட்டம் பெரிதாகும். அப்படி ஆனால் கையைத் தளர்த்துங்கள், ட்ரிம் சரியாக இருந்தால் விமானம் தானே அடங்கும். ட்ரிம் சக்கரத்தின் வேலை, கையில் தங்கும் பாரத்தை எடுத்துவிடுவது. முதலில் மூக்கை வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டுப் பிறகு ட்ரிம் செய்யுங்கள்.

வீட்டில் சிமுலேட்டர் விளையாடிய பிள்ளைகள் கண்ணை மீட்டர்களிலேயே வைத்திருப்பார்கள். பத்தில் ஒன்பது பங்கு நேரம் வெளியே பாருங்கள். எஞ்சின் மூடிக்கும் அடிவானத்துக்கும் இடையே எத்தனை விரல் இடைவெளி என்று மனத்தில் பதியுங்கள், அதுதான் உங்கள் அளவுகோல். நம் பகுதியில் இதில் இரண்டு ஏமாற்று உண்டு. மேற்கே கடலில் மூட்டம் இருந்தால் வானமும் நீரும் ஒன்றாகிவிடும், பிடித்துக்கொள்ளக் கோடே கிடைக்காது. கிழக்கே அகஸ்தியமலை 1,868 மீட்டர், நீங்கள் பறப்பதைவிட மூன்று மடங்கு உயரம். அந்த மலைமுகட்டை அடிவானமாக எடுத்துக்கொண்டால் மூக்கை உங்களை அறியாமல் தூக்கிவிடுவீர்கள், வேகம் விழும். மலைக்குப் பின்னால் கடல் இருந்தால் கோடு எங்கே வரும் என்று எண்ணிப் பிடிக்க வேண்டும். வடக்கிலோ தெற்கிலோ தட்டையான கரையோரத்தைப் பார்த்துப் பழகினால் எளிது.

திரும்பும்போது 15, 20 பாகைச் சாய்வு போதும். சாய்ந்தால் மூக்கு தாழும், இம்மியளவு இழுத்துப் பிடியுங்கள். வேண்டிய திசை வருவதற்குச் சாய்வில் பாதியளவு பாகை முன்பே நிமிர்த்தத் தொடங்குங்கள், இல்லையென்றால் தாண்டிப் போவீர்கள். குமட்டல் தொடங்கினால் உடனே சொல்லுங்கள். காற்றுத் துளையை முகத்துக்குத் திருப்பி, தூரத்தைப் பார்த்தபடி விமானத்தை நீங்களே நேராக ஓட்டினால் பெரும்பாலும் தணியும்.

இறக்குவது பயிற்றுநர் வேலை. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஓடுதளத்தின் தூர முனையைப் பாருங்கள். இறங்கியதும், தேநீருக்குப் போகுமுன், மட்டமாகப் பறந்தபோது எஞ்சின் சுற்று எவ்வளவு (ஏறக்குறைய 2,300 இருக்கும்), வேகம் எவ்வளவு, மூக்குக்கும் அடிவானத்துக்கும் எத்தனை விரல் என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பு அந்த மூன்றிலிருந்துதான் தொடங்கும்.