ஐபீஸ் அளவுகோலை நம்பும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டில் துரு நோய் பிடித்த அராபிகா காப்பி இலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடி தெரியும். அது பூஞ்சையின் ஸ்போர், அதாவது வித்து. ஒன்றின் நீளம் ஏறக்குறைய 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சேலத்தில் தாவரவியல் படிக்கும் ஒரு மாணவி அதை அளந்து 120 மைக்ரான் என்று எழுதினால், தவறு பெரும்பாலும் ஐபீஸில்தான், அதாவது நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்தான், தொடங்கியிருக்கும்.

ஐபீஸுக்குள் 0 முதல் 100 வரை தெரியும் கோடுகளுக்குச் சொந்தமாக எந்த அளவும் கிடையாது. பொருளருகு லென்ஸை மாற்றினால் ஸ்போர் பெரிதாகத் தெரியும், கோடுகள் அப்படியே நிற்கும். ஒரு பிரிவின் மதிப்பு 10 மடங்கு லென்ஸில் சுமார் 10 மைக்ரான் என்றால், 40 மடங்கில் சுமார் 2.5தான். 40 மடங்கில் 12 பிரிவு நீளும் ஸ்போரை 10 மடங்கின் மதிப்பால் பெருக்கினால் அந்த 120 வந்துவிடும். சரி, 10 மடங்கில் கண்ட மதிப்பை நான்கால் வகுத்துக்கொள்ளலாமே என்றால், அதுவும் கூடாது. லென்ஸில் பொறித்த எண் தோராயமானது. ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். அதே ஐபீஸை வேறு நுண்ணோக்கியில் போட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

இதற்கு ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் ஸ்லைடு, அதாவது நுண்ணிய அளவுகோல் பொறித்த கண்ணாடித் துண்டு, வேண்டும். வழக்கமாக அதில் 1 மில்லிமீட்டர் நூறாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஆக ஒரு பிரிவு 10 மைக்ரான். இரண்டு அளவுகோல்களின் பூஜ்ஜியத்தையும் பொருத்திவிட்டு, கோடுகள் மறுபடி எங்கே ஒன்றுகின்றன என்று பார்க்க வேண்டும். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்: பக்கத்திலேயே ஒன்றும் முதல் கோட்டோடு நின்றுவிடுகிறார்கள். 40 மடங்கில் ஐபீஸின் 4 பிரிவு ஸ்லைடின் ஒரு பிரிவோடு ஒன்றுவதுபோலத் தெரியும். அதில் ஐபீஸின் அரைப் பிரிவு பிசகினாலே பன்னிரண்டரை சதவீதப் பிழை. 100 பிரிவுக்கு 25 என்று கடைசி வரை போய்ப் பார்த்தால் அதே பிசகு அரை சதவீதம்தான். அப்புறம், கோட்டுக்கும் தடிமன் உண்டு. இடது ஓரத்தை இடது ஓரத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

ஐபீஸ் அளவுகோலே மங்கலாகத் தெரிந்தால், ஸ்லைடு வைக்கும் மேடையான ஸ்டேஜைத் திருகிப் பயனில்லை. ஐபீஸின் மேல் லென்ஸைச் சுழற்றி முதலில் கோடுகளைத் தெளிவாக்கிக்கொண்டு, அதன் பிறகு ஸ்லைடுக்கு வர வேண்டும். ஸ்லைடைத் தலைகீழாக வைப்பதுதான் செலவு வைக்கும் தவறு. 40 மடங்கு லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணாடியின் தடிமனைத் தாண்டிக் கோடுகளைப் பிடிக்கத் திருகிக்கொண்டே போனால் லென்ஸ் ஸ்லைடில் மோதும். விலை உயர்ந்த அந்த ஸ்லைடு கீறிப்போகும்.

கண்டுபிடித்த மதிப்புகளை லென்ஸ் வாரியாக ஒரு சீட்டில் எழுதி, தேதியும் போட்டு, அந்த நுண்ணோக்கியிலேயே ஒட்டிவிடுங்கள். கேமராவில் படம் எடுத்து அளப்பவர்களுக்கு இந்தச் சீட்டு உதவாது. அதே ஸ்லைடைப் படமெடுத்து, எத்தனை பிக்சல் ஒரு மைக்ரான் என்று தனியாகக் கணக்கிட வேண்டும்.