ஃபைனல் ஃபேன்டசி 14: பணம் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இணைய ஆட்டத்தை ஆடும் எங்கள் குழுவுக்குப் புதிதாக யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். வந்த வேகத்திலேயே ஒரு கேள்வியும் வரும்: "அண்ணா, கோடு வாங்கிட்டேன், ஏத்துக்க மாட்டேங்குது, என்ன பண்றது?" (கோடு என்றால், வாங்கியதைக் கணக்கில் பதிவு செய்ய அடிக்கும் குறியீட்டு எண்.) பல வருடங்களுக்கு முன் நாங்கள் எல்லோரும் தடுமாறிய அதே இடங்களில்தான் இவர்களும் தடுமாறுகிறார்கள். பணம் போன பிறகு ஆறுதல் சொல்லி என்ன பயன்? அதனால் வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள், ஓடிபியைப் பகிராதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்துக்கு இரண்டு விதமாகப் பணம் கட்ட வேண்டும். ஆட்டத்தை ஒருமுறை விலைக்கு வாங்க வேண்டும். அப்புறம் ஆடுவதற்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். இவை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

ட்ரையல் முடியும் முன்பே ஸ்டார்ட்டர் வாங்குவது

இதன் இலவச ட்ரையலுக்கு நாள் கணக்கு கிடையாது. 2023 அக்டோபரிலிருந்து ட்ரையலிலேயே அடிப்படை ஆட்டம், அதன் முதல் இரண்டு எக்ஸ்பான்ஷன்களான (கதையை நீட்டிக்கும் கூடுதல் தொகுப்புகள்) ஹெவன்ஸ்வார்ட், ஸ்டார்ம்பிளட் ஆகிய மூன்றையும் 70-வது லெவல் வரை ஆடலாம். அதே காலத்திலிருந்து புதியவர்கள் முதலில் வாங்கும் தொகுப்பான 19.99 டாலர் ஸ்டார்ட்டர் எடிஷனிலும் இருப்பது இதே மூன்றுதான். அதாவது ஸ்டார்ட்டரை வாங்கினால் ஒரு வரிக் கதைகூடக் கூடுதலாகக் கிடைக்காது.

கிடைப்பது வேறு வசதிகள். ட்ரையலில் 3 லட்சம் கில்லுக்கு (ஆட்டத்துக்குள் புழங்கும் பணம்) மேல் கையில் வைத்துக்கொள்ள முடியாது. சந்தையில் வாங்கவோ விற்கவோ முடியாது, ஃப்ரீ கம்பெனி எனும் ஆட்டக்காரர் சங்கத்தில் சேர முடியாது, நீங்களாக ஒரு பார்ட்டி (சேர்ந்து ஆடும் சிறு அணி) அமைக்கவும் முடியாது. இவை உங்களுக்கு உண்மையிலேயே இடைஞ்சலாக இருக்கும்போது வாங்குங்கள். நண்பர்கள் ஒரு ஃப்ரீ கம்பெனியில் இருந்து உங்களை அழைக்கிறார்கள் என்றால் அது நியாயமான காரணம்தான்.

வாங்கிவிட்டால் திரும்பிப் போக முடியாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஒரு கணக்கில் ஸ்டார்ட்டரைப் பதிவு செய்துவிட்டால் அந்தக் கணக்குக்கு ட்ரையல் முடிந்தது. அதற்குப் பிறகு சந்தா கட்டாத மாதத்தில், நேற்று வரை இலவசமாக ஆடிய பகுதிக்குள்கூட நுழைய முடியாது. கல்லூரித் தேர்வு, வேலை மாற்றம் என்று இடைவெளி விட்டு விட்டு ஆடுகிறவர்களுக்கு ட்ரையல் போல வசதியானது வேறில்லை. அதை அவசரப்பட்டு விட்டுக்கொடுக்கிறார்கள்.

இரண்டு கடைகளில் வாங்குவது

மற்ற பல தவறுகளில் போவது பத்து, பதினைந்து டாலர். இதில் மொத்த உழைப்பும் போகும். அதனால்தான் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

விண்டோஸ் கணினியில் இந்த ஆட்டத்துக்கு இரண்டு வகை லைசென்ஸ் உண்டு. ஒன்று ஆட்டத்தைத் தயாரித்த ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் நேரடியாக விற்பது. வெளியே கோடு விற்கும் கடைகளில் கிடைப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். இன்னொன்று கணினி ஆட்டங்களுக்கான இணையக் கடையான ஸ்டீமில் விற்பது. ஆட்டம் ஒன்றுதான், சர்வர்களும் ஒன்றுதான், இரண்டு வகைக்காரர்களும் ஒரே பார்ட்டியில் சேர்ந்து ஆடலாம். ஆனால் முதலில் எந்த வகையைக் கணக்கில் பதிவு செய்கிறீர்களோ, பின்னால் வாங்கும் எல்லா எக்ஸ்பான்ஷனும் அதே வகையாக இருந்தாக வேண்டும். ஸ்டீம் ஸ்டார்ட்டர் வாங்கியவர் டான்ட்ரெயில் என்ற எக்ஸ்பான்ஷனையும் ஸ்டீமில்தான் வாங்க வேண்டும். நேரடி ஸ்டார்ட்டர் வாங்கியவருக்கு ஸ்டீமில் எத்தனை பெரிய ஆஃபர் வந்தாலும் பயன்படாது. இடையில் மாற்றிக்கொள்ள வழியே இல்லை.

எங்கள் குழுவில் ஒரு கல்லூரித் தம்பி. ஸ்டீமில் தள்ளுபடி வந்தபோது ஸ்டார்ட்டரை வாங்கிவிட்டான். சந்தோஷமாக ஆடினான், ஒயிட் மேஜ் என்ற வகுப்பை 70-வது லெவலுக்குக் கொண்டுவந்தான், ஸ்டார்ம்பிளட் கதையையும் முடித்தான். அடுத்த பகுதிக்குப் போக டான்ட்ரெயில் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அவன் மாமா பிறந்தநாள் பரிசாக ஒரு கோடு வாங்கி அனுப்பினார். அது நேரடி விண்டோஸ் வகை. கணக்கு நிர்வாகத் தளமான மோக் ஸ்டேஷனில் அடித்துப் பார்த்தான், ஏற்கவில்லை. கோடுதான் பழுது என்று நினைத்து, தன் கைக்காசில் வேறொரு கடையில் இன்னொரு கோடு வாங்கினான். அதுவும் அதே வகை, அதுவும் ஏற்கவில்லை. எங்களிடம் வந்து கேட்டபோது இரண்டு கோடுகள் வீணாகியிருந்தன. கோடைத் திரையில் பார்த்துவிட்ட பிறகு எந்தக் கடை பணத்தைத் திருப்பித் தரும்?

மாமாவின் பரிசை வீணாக்க மனமில்லாமல், அந்தக் கோடுக்காகவே புதுக் கணக்கு ஒன்று தொடங்கலாமா என்று கேட்டான். தொடங்கலாம்தான். ஆனால் ஒரு சர்வீஸ் அக்கவுண்டில் (அதாவது ஆட்டக் கணக்கில்) இருக்கும் கேரக்டரை இன்னொரு சர்வீஸ் அக்கவுண்டுக்கு மாற்ற முடியாது. ஒயிட் மேஜ், முடித்த கதை, சேர்த்த உடைகள், வளர்த்த கைத்தொழில்கள் எல்லாம் பழைய கணக்கிலேயே கிடக்கும். முதல் லெவலிலிருந்து மறுபடி ஆட வேண்டும். புதுக் கணக்குக்கு ஸ்டார்ட்டரையும் தனியாக வாங்க வேண்டும், சந்தாவையும் தனியாகக் கட்ட வேண்டும். கடைசியில் ஸ்டீமில் அடுத்த தள்ளுபடி வரும்வரை காத்திருந்து, மாமா வாங்கியதையும் சேர்த்தால் மூன்றாவது முறையாக டான்ட்ரெயிலை வாங்கினான்.

எனக்கு அந்தத் தம்பி மேல் வருத்தமே கிடையாது. "ஸ்டீம்ல சீப்பா இருக்கு, உடனே போட்டுரு" என்று சொல்லிவிட்டு, 'இனிமேல் எல்லாம் ஸ்டீமில்தான்' என்ற அடுத்த வாக்கியத்தைச் சொல்லாமல் விட்ட பழைய ஆட்டக்காரர்கள் மேல்தான் வருத்தம். புதியவர்கள் நம்மை நம்பித்தான் காசு போடுகிறார்கள். பாதி யோசனை சொல்வதைவிடப் பேசாமல் இருப்பதே நல்லது.

சரி, எந்தக் கடை? கார்டு இல்லாதவர்களுக்கு ஸ்டீம் வசதி. ரூபாயில் விலை போட்டிருக்கும், யுபிஐயில் கட்டலாம். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது ஸ்டீமின் பொது விதி. ஆனால் உங்கள் ஸ்டீம் கணக்கும் ஸ்கொயர் எனிக்ஸ் கணக்கும் இணைந்தே இருக்கும். 2022-லிருந்து இந்த இணைப்பு கட்டாயம். அதனால் அண்ணனின் ஸ்டீம் கணக்கில் வாங்கி ஆடலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் சொந்த ஸ்டீம் கணக்காக இருக்கட்டும். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் வாங்கித் தருவார்கள், பல கடைகளில் விலை ஒப்பிட்டு வாங்குவேன் என்பவர்களுக்கு நேரடி வகை நல்லது. இரண்டில் எது என்றாலும் சரி, முதல் ரூபாயைக் கட்டும் முன் முடிவெடுங்கள், அப்புறம் மாறாதீர்கள்.

நேரடி வகையிலும் ஒரு சிக்கல் உண்டு. கோடுகள் வட்டார வாரியாக விற்கப்படுகின்றன. ஐரோப்பியக் கோடு வட அமெரிக்கக் கணக்கில் ஏறாது. யாராவது வாங்கித் தருவதாகச் சொன்னால், உங்கள் கணக்கு எந்த வட்டாரத்தில் பதிவாகியிருக்கிறது, ஸ்டீமா நேரடியா என்ற இரண்டையும் மோக் ஸ்டேஷனில் பார்த்து, அவருக்கு எழுதியே அனுப்பிவிடுங்கள்.

பிளேஸ்டேஷனிலும் ஆட ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: சந்தா ஒன்றே போதும், அதே கேரக்டரோடு ஆடலாம், பிளேஸ்டேஷன் பிளஸ் தேவையில்லை. ஆனால் ஆட்டத்தையும் எக்ஸ்பான்ஷனையும் அந்தக் கருவிக்குத் தனியாக வாங்க வேண்டும். மேக் கணினிக்கும் தனி லைசென்ஸ்தான்.

பழைய எக்ஸ்பான்ஷனின் கோடு

2024 ஜூலையில் வந்த டான்ட்ரெயிலை வாங்கினால் அதற்கு முந்தைய ஷேடோபிரிங்கர்ஸும் எண்ட்வாக்கரும் சேர்ந்தே வரும். பழைய எக்ஸ்பான்ஷன் கோடுகளை "வரிசையாக வாங்கணும்" என்று நம்பி வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் இருந்தால் டான்ட்ரெயில் மட்டும் போதும். ஒன்றுமே இல்லையென்றால், எல்லாம் சேர்ந்த கம்ப்ளீட் எடிஷன். ஸ்டார்ட்டரும் வைத்துக்கொண்டு கம்ப்ளீட்டும் வாங்குவது வீண்.

இன்னொன்று: ஸ்டார்ம்பிளட் முடியும் வரை டான்ட்ரெயில் உங்களுக்குத் தேவையே இல்லை. அதுவரை நூற்றுக்கணக்கான மணி நேரக் கதை இருக்கிறது. அதற்குள் எப்படியும் ஒரு தள்ளுபடி வந்துவிடும்.

கோடை அடித்துவிட்டு டவுன்லோடு போடுவது

முதல்முறை வாங்கும்போது 30 நாள் ஆட்டநேரம் சேர்ந்து வரும். அந்தக் கணக்கு நீங்கள் கோடைப் பதிவு செய்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது. ஆட்டமோ 140 ஜிபி வரை இடம் கேட்கிறது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இழுத்தால் முதல் வாரமே போய்விடும். ட்ரையலில் ஆட்டத்தை முழுதாக இறக்கி, ஆடியும் பார்த்துவிட்டு, அடுத்த சில வாரங்கள் ஓய்வாக இருக்கும்போது பதிவு செய்யுங்கள்.

புது எக்ஸ்பான்ஷன் வெளியாகும் வாரத்தில் நாள் கணக்கைத் தொடங்காமல் இருப்பதும் நல்லது. 2021 டிசம்பரில் எண்ட்வாக்கர் வந்தபோது உள்ளே நுழையவே மணிக்கணக்கில் வரிசை. கூட்டம் தாங்காமல் ஸ்கொயர் எனிக்ஸ் விற்பனையையே சில வாரங்கள் நிறுத்தியது. முதலில் 7 நாள், பிறகு 14 நாள் என்று சந்தாக்காரர்களுக்கு இலவச நாட்களும் கொடுத்தது. எல்லா முறையும் அப்படிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

எடுத்த எடுப்பில் ஆறு மாதச் சந்தா

என்ட்ரி சந்தா 30 நாளுக்கு 12.99 டாலர். ஸ்டாண்டர்ட் 14.99 டாலர். 180 நாளுக்கு மொத்தமாகக் கட்டினால் ஸ்டாண்டர்டும் மாதம் 12.99-க்கு வருகிறது. "ரெண்டு டாலர் மிச்சம்" என்று 77.94 டாலரை ஒரே தடவையில் கட்டிவிடுகிறார்கள். ஆறு மாதம் விடாமல் ஆடினால்தான் அது மிச்சம்.

புதியவருக்கு என்ட்ரி தாராளமாகப் போதும். ஒரு சர்வருக்கு ஒரு கேரக்டர், மொத்தம் எட்டு என்பதுதான் அதன் வரம்பு. பல ஆட்டங்களில் வேறு வகுப்பு ஆட வேண்டுமென்றால் வேறு கேரக்டர் உருவாக்க வேண்டும். இங்கே ஒரே கேரக்டரால் எல்லா ஜாப்களையும் வளர்க்கலாம். ஒயிட் மேஜாக இருப்பவர் கையிலிருக்கும் ஆயுதத்தை மாற்றினால் டிராகூனாகிவிடலாம். அப்படியிருக்க நாற்பது கேரக்டர் வைத்துக்கொள்ளும் வசதிக்கு முதல் மாதமே ஏன் பணம் கட்ட வேண்டும்?

கூடுதல் ரிட்டெய்னர் (ஆட்டத்தில் உங்கள் பொருட்களை வைத்துக்கொள்ளும் உதவியாளர்) மாதம் 2 டாலர். எடுத்ததை மறந்தே போகிறார்கள். கார்டு அறிக்கையைப் பாருங்கள்.

கதையைத் தாண்டிப் போகும் பொருள்

நண்பர்களை எட்டிப் பிடிக்க, கதையைத் தாண்டிவிடக் காசுக்கு விற்கும் இந்தப் பொருளை வாங்க வேண்டாம். இந்த ஆட்டத்தில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவதே அந்தக் கதையைத்தான்.

கில் விற்பவர்கள்

நிஜக் காசு கொடுத்து அவர்களிடம் கில் வாங்கினால் கணக்கு முடக்கப்படலாம்.

கார்டு மறுக்கப்பட்டால் திரும்பத் திரும்ப அடிப்பது

இந்தியாவிலிருந்து கட்டுகிறவர்களுக்கு இது. உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கலாம். 2020-க்குப் பிறகு வரும் புதுக் கார்டுகளில் நாமாக இயக்கினால்தான் அது வேலை செய்யும். முதலில் வங்கிச் செயலியில் அதைப் பாருங்கள்.

அடுத்தது, கார்டிலிருந்து பணம் தானாகக் கழிவது. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, மாதாமாதம் தானாக எடுக்கப்படும் தொகைக்கு முன்கூட்டியே உங்கள் ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவலும் வர வேண்டும். இந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டு விற்பனையாளருக்கு முதல் மாதம் ஓடிபியோடு போன பணம் இரண்டாம் மாதம் போகாமல் நிற்கும். ஆட்டத்தின் பிழை என்று நினைத்து, ஒரே இரவில் மூன்று கார்டுகளை மாற்றி மாற்றி அடித்தார் எங்கள் குழுவில் ஒருவர். சந்தேகத்துக்குரிய முயற்சி என்று அவர் வங்கி ஒரு கார்டையே முடக்கிவிட்டது. முதல்முறை மறுத்தவுடன் நிறுத்துங்கள். உங்கள் வட்டாரத்துக்கான 60 நாள் டைம் கார்டு (முன்கூட்டியே வாங்கி வைக்கும் ஆட்டநேரக் கோடு) போன்ற, தானாகக் கழியாத வழிக்கு மாறிவிடுங்கள். டாலரில் கட்டும்போது வங்கி மாற்றுக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஏதோ கோபத்தில் வங்கியிடம் புகார் கொடுத்துக் கட்டிய பணத்தைத் திரும்ப இழுக்காதீர்கள். கணக்கு பூட்டப்படும். முதலில் ஆட்டத்தின் உதவி மையத்துக்கு எழுதுங்கள்.

ஆட்டத்தை அழித்தால் சந்தா நிற்காது

மோக் ஸ்டேஷனில் போய் ரத்து செய்தால்தான் நிற்கும். ரத்து செய்தாலும் கட்டிய நாட்கள் முடியும்வரை ஆடலாம்.

வீடு இருப்பவர்கள் சந்தாவை நிறுத்துவது

ஆட்டத்துக்குள் வாங்கிய வீட்டுக்குள் 45 நாள் நுழையாவிட்டால் அது இடிக்கப்படும். சந்தா இல்லாமல் உள்ளே போக முடியாது என்பதால், நீண்ட ஓய்வு எடுப்பவர்களின் வீடு அநேகமாகப் போய்விடும். மனை கிடைப்பதே குலுக்கலில் என்பதால் திரும்ப வாங்குவது எளிதல்ல. ஓய்வு எடுக்கத்தான் வேண்டும் என்றால், 45 நாளுக்குள் ஒருமுறை உள்ளே போய்வரும்படி 30 நாள் சந்தாவை இடைவெளி விட்டுக் கட்டுங்கள். வீட்டின் மேல் அவ்வளவு பற்று இல்லையென்றால், உள்ளே இருக்கும் பொருட்களை எடுத்து வைத்துவிட்டு நிறுத்துங்கள்.