கொல்லையில் குண்டுக்கரிச்சான்: ஆண்டு முழுவதும் கவனிக்கும் முறை

ஆங்கிலத்தில் மேக்பை ராபின் எனப்படும் குண்டுக்கரிச்சானைக் காண வெளியூர் செல்ல வேண்டியதில்லை. மரநிழலும் ஈரமான சருகும் உள்ள கொல்லையே போதும். சுமார் 19 சென்டிமீட்டர் நீளமுள்ள இப்பறவையில் ஆண் பளபளக்கும் கருமையும் வெண்மையுமாக இருக்கும்; ஆணின் கருமை பெண்ணிடம் சாம்பல் நிறமாக மங்கியிருக்கும்.

கவனிப்பை மார்ச் மாதத்தில் தொடங்குங்கள். விடியலுக்குச் சற்று முன்பே ஆண்பறவை உயரமான கிளையிலோ ஆன்டெனாக் கம்பியிலோ அமர்ந்து நெடுநேரம் பாடும். அது அமரும் இடங்களைத் தேதியோடு குறித்துவந்தால், அதன் எல்லை எதுவரை என்பது சில வாரங்களில் உங்களுக்கே புலப்படும். பிற பறவைகளின் குரலையும் இடையிடையே கலந்து பாடும் என்பதால் குரலை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள் (நானும் ஏமாந்திருக்கிறேன்).

ஏறத்தாழ ஜூலை வரை மரப்பொந்திலும் சுவர்ப் பொந்திலும் கூடு வைக்கும். பெரும்பாலும் பெண்ணே அடைகாக்கும். ஆண் காவல் நிற்கும். பொந்துக்குள் எட்டிப் பார்ப்பதையும் விளக்கடித்துப் படமெடுப்பதையும் அறவே தவிர்த்து, தொலைவிலிருந்தே இருநோக்கியால் பாருங்கள்.

இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பாட்டு அடங்கிவிடும். பறவை போய்விட்டது என்று பலர் எண்ணுவது அப்போதுதான். அது புதரடியில் ஓசையின்றிப் பூச்சி தேடிக்கொண்டிருக்கும். அந்தி மயங்கும் நேரத்தில், வாலைச் செங்குத்தாகத் தூக்கியபடி தரையில் தத்துவதைத் தேடுங்கள். சருகைக் கூட்டி எரிக்காமல் விட்டால் அதற்கு இரை கிடைக்கும்.